பென்சீன் வளையத்தில் ஒரு வெள்ளி அணு

கிண்ணியாவில் ஸல்ஹாவை "வெள்ளி ஒட்டுற பிள்ளை" என்றுதான் சொல்வார்கள். அதை நம்பி அறுந்த கொலுசோடு வந்தவர்களும் உண்டு.

அவள் பல்கலைக்கழக வளாகத்தில் இரசாயனவியல் முதுமாணி மாணவி. நிக்கல் சேர்வை ஒன்றைச் செய்து, அதன் ஓரத்தில் தொங்கும் பென்சீன் வளையத்தின்மேல் ஒரு வெள்ளி அணுவை உட்கார வைக்க வேண்டும். அதுதான் அவளது ஆய்வு. உலோகங்கள் வழக்கமாக நைதரசனையோ ஒட்சிசனையோ தேடிப் போகும். வளையத்தின் தட்டை முகத்திலும் இலத்திரன்கள் விரிந்து கிடக்கின்றன. வெள்ளி மனம் வைத்தால் அங்கேயும் ஒட்டும். இரண்டு வருடமாக அது மனம் வைக்கவில்லை.

கடைசியில் குழாயின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்தது. நிக்கல் சேர்வையோ செம்மஞ்சள். வெள்ளி ஏறியதும் நிறம் வெளுத்துவிட்டது என்று ஸல்ஹா தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டாள். அணுக்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் எக்ஸ்-கதிர்ப் படமெடுக்கக் கொழும்பில் ஒரு நாள் கிடைத்திருந்தது. அது தவறினால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. பட்டத்தின் கெடுவோ நெருங்கிக்கொண்டிருந்தது. உம்மா அதற்குள் மகள் வென்றுவிட்டாள் என்று ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் இனிப்பு வட்டிலப்பம் அனுப்பிவிட்டார்.

பயணத்துக்கு முந்தின நாள், சன்னலோரம் இருந்த அந்த வெள்ளைப் படிவு ஊதாக் கறுப்பாகிக் கிடந்தது. வெளுப்பாக மிஞ்சியிருந்ததில் ஸல்ஹா அமோனியா விட்டாள், கரைந்து போயிற்று. வளையமும் இல்லை, ஒன்றும் இல்லை. உப்போடு வெள்ளி சேர்ந்த வெறும் வெள்ளிக் குளோரைட்டு.

முன்பு வளாகத்தில் தண்ணீர் வராமல் போன ஒரு கிழமை, கண்ணாடிக் குழாய்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவிக் குசினியில் கவிழ்த்திருந்தாள்.

"உம்மா, என்ட குழாய்களத் தொட்டீங்களா?"

"ஓம் மகள். ஒருக்காத்தானே கழுவியிருந்தாய். மூணு தரம் அலசாம ஒரு ஏனத்தில எதையும் வைக்கலாமா? நம்மட கிணத்துத் தண்ணியில நான்தான் அலசி வெச்சன்."

அது கடல் எட்டிப் பார்க்கும் கிணறு. அதில் தேத்தண்ணீர் போட்டால் சீனி தோற்றுப்போகும்.

"உப்புத்தானே," என்றார் ஸல்ஹாவின் மூத்த சகோதரரும் கருவாட்டு வியாபாரியுமான ஜெமீல் நானா. "கெட்டுப்போகாது."

ஸல்ஹா சிரிக்கவில்லை. கொழும்புக்குப் பேசி, தன்னிடம் காட்ட ஒன்றும் இல்லை என்று சொல்லி, கிடைத்திருந்த அந்த நாளை விட்டுக்கொடுத்தாள். பிறகு குழாய்களை வளாகத்திலேயே அற்ககோலில் அலசி, சூடேற்றி உலர்த்தி, பூட்டி வைத்தாள். திரும்பவும் செய்து பார்த்தபோது, இம்முறை செம்மஞ்சளாகவே பளிங்குப் படிகங்கள் வந்தன. கெடு முடியும் தறுவாயில், வேறு யாரோ கைவிட்ட நாளொன்றில் படமும் கிடைத்தது.

வீட்டில் அவள் காட்டிய கணினித் திரையில் நிக்கல் நடுவில் இருந்தது. வளையத்தின் விளிம்புக்கு மேல், இரண்டு காபன் அணுக்களைத் தொட்டபடி, வெள்ளி.

நானா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "விழுந்திடும் போல கிடக்கே."

"விழத்தான் பார்க்கும், நானா. தண்ணி பட்டாலே கழண்டு போயிரும்."

உம்மா கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அப்ப நான் இதுக்குக் கிட்டயும் வரல்ல, மகள்."