முதல் காளாஞ்சி

பேய்க்கதை வாசித்து நான் பயந்ததில்லை. கோயிலில் எங்கள் குடும்பத்துக்குரிய திருவிழாவன்று காலையிலும் அப்படியொரு பழைய நாவலோடுதான் இருந்தேன். ஊரே வணங்கும் துறவி ஒருவர் ஆசைக்கு இடங்கொடுத்து, பாவத்துக்கு மேல் பாவம் செய்து நரகத்தில் விழுகிறார். படித்த மனுசனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று எரிச்சல்பட்டேன்.

அப்போது கைப்பேசி அடித்தது. ஆஸ்பத்திரியில் என் அண்ணையோடு நின்ற அவர் மகளின் இலக்கம். வைத்தியர் முதல்நாளே கைவிரித்திருந்தார். சாவுச் செய்தி காதில் விழுந்தால் துடக்கு. கோயிலுக்குப் போக முடியாது. பூசை முடிவில் குடும்பத்து மூத்தவராக வருடாவருடம் அண்ணை வாங்கிய முதல் காளாஞ்சி, அந்தப் பிரசாத மரியாதை, இந்த முறைதான் என் கைக்கு வர இருந்தது. கேள்விப்படாதவரை துடக்கில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பது தரம் அடித்து ஓய்ந்தது. கைப்பேசியை நிறுத்திவிட்டுப் போய், ஊர் பார்க்கக் காளாஞ்சி வாங்கினேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அண்ணையின் மகள் வாசற் படலையடியில் நின்றாள். அழுது ஓய்ந்த முகம்.

"எப்ப பிள்ளை?"

"மத்தியானம், சித்தப்பா."

"அப்ப காலமை எடுத்தது?"

"அப்பாதான் எடுக்கச் சொன்னவர். கொஞ்சம் தெளிஞ்சிருந்தவர். உங்களோடை கதைக்க வேணுமெண்டவர். நீங்கள் எடுக்கேல்லை எண்டதும், 'அவன் சாமிக்கு முன்னாலை நிப்பான், கரைச்சல் குடுக்காதை, முடிய ஓடி வருவான்' எண்டு வாசலையே பாத்துக்கொண்டு கிடந்தவர்."

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. துடக்குக் கழிந்தும் நான் கோயிலுக்குப் போகவில்லை. அண்ணை கடைசிவரை நம்பிய அந்தத் தம்பியாக அங்கே போய் நிற்க என்னால் முடியவில்லை.