மாட்டுக் கொட்டகையில் ஓர் எஞ்சின்

உடையார்பாளையம் பக்கத்தில் கொளஞ்சியப்பனை நேரில் பார்க்காதவர்கள் இருந்திருக்கலாம். அவர் அரம் போடும் சத்தத்தைக் கேட்காதவர்கள் இல்லை. யுத்தத்தின்போது பட்டாளத்துப் பட்டறையில் நாலு வருஷம் லாரிகளைப் பிரித்து மாட்டிவிட்டு, நாற்பத்தாறில் ஊர் திரும்பினார். பட்டாளத்திலிருந்து வருகிறவர்கள் கம்பளி கொண்டு வருவார்கள், டிரங்குப் பெட்டி கொண்டு வருவார்கள். இந்த மனுஷர் காலால் மிதித்து ஓட்டுகிற ஒரு பழைய கடைசல் லேத்தை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஜெயங்கொண்டம் வழியாக வந்து சேர்ந்தார்.

லேத்தை இறக்கிய இடம் அண்ணன் பஞ்சநாதனின் மாட்டுக் கொட்டகை. அப்போது அது காலியாகக் கிடந்தது. பஞ்சநாதன் பெரிய விவசாயி, பிடித்த பிடியை விடாதவர். தம்பி பத்து நாள் விளையாடிவிட்டு ஏர் பிடிக்க வந்துவிடுவான் என்று பொறுத்துப் பார்த்தார். ஆறு மாதம் ஓடிவிட்டது. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்.

"உள்ளாற என்னதாண்டா பண்றே?"

"நீராவி எஞ்சின் பண்றேண்ணே."

"எவ்ளோ பெருசு?"

கொளஞ்சியப்பன் இரண்டு கைகளையும் ஒரு தேங்காய் அகலத்துக்கு விரித்துக் காட்டினார். பஞ்சநாதனுக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

"ஆயுத பூசை வரைக்கும் பாப்பேன். அன்னிக்கு அது ஓடலைன்னா பட்டறைய ஏறக்கட்டிட்டு வயலுக்கு வந்துடணும். மறுநாளு காளை ரெண்டு வருது. கொட்டாய்ல மாடுதான் நிக்கணும்."

"சரிண்ணே" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் வயல் நினைவுக்கு வந்தது. வயலில் இறங்கினால் அவர் வெட்டுகிற வரப்புகூடக் கோணலாகத்தான் வரும். லேத்தின் முன்னால் நின்றால் மட்டுமே அவருக்குத் தன்மேல் மரியாதை வரும். அதையும் இழந்துவிட்டால் பிறகு என்ன இருக்கிறது?

இராப்பகலாக அதே நினைப்பாக வேலை நடந்தது. மனைவி பூங்காவனத்தின் வாய் நசுங்கிய செப்புச் சொம்பு, மூடி வைத்துப் பற்றவைக்கப்பட்டுக் கொதிகலன் ஆயிற்று. பழைய பம்பின் வெண்கலத் துண்டைக் குடைந்து சிலிண்டர் செய்தார். முதல் துண்டில் துளை பெரிதாகிப் போயிற்று. இரண்டாவது துண்டில் பிஸ்டன் தானாக வழுக்கி இறங்கவேண்டும், கூடவே ஒரு தலைமுடியை வைத்தால் இறங்கக் கூடாது. அதுதான் அவர் வைத்திருந்த அளவு.

"பூங்காவனம், ஒரு முடி குடு."

"ஒரேயடியா மொட்டை அடிச்சுட்டுப் போங்க. தெனமும் வந்து நிக்க வேணாம்."

திட்டிக்கொண்டே கொடுத்தாள். நாளாக ஆக, "இன்னும் கொஞ்சம் இறுக்கமா இருக்குங்க" என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்குத் தேறியும்விட்டாள்.

அந்த எஞ்சினில் சிலிண்டர் தொட்டில் மாதிரி ஆடும். ஒரு பக்கம் ஆடும்போது ஒரு துளை வழியாக ஆவி உள்ளே போகும். மறுபக்கம் ஆடும்போது இன்னொரு துளை வழியாக வெளியே போகும். பூசைக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் மாட்டி, குழாயில் வாயை வைத்து ஊதிப் பார்த்தார். சக்கரம் விர்ரென்று சுற்றியது. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் வாயெல்லாம் பல்.

ஆயுத பூசையன்று பூங்காவனம் விடியலிலேயே லேத், அரம், சுத்தி, ஸ்பேனர் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தாள். எஞ்சினுக்குத் தனிக் கவனிப்பு. பொரி கடலை படைத்துச் சூடம் காட்டி முடித்தபோது பஞ்சநாதன் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். புது வண்டிக்குச் சூடம் காட்டி ஓட்டிப் பார்ப்பதில்லையா, அதுபோல இதையும் ஓட்டிக் காட்டலாம் என்று அவரே அனுமதி கொடுத்தார்.

சொம்புக்கு அடியில் கரி கனன்றது. தண்ணீர் கொதித்தது. கொளஞ்சியப்பன் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார். அரைச் சுற்று போய்த் திரும்பிவந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் அரைச் சுற்று.

"அவ்ளோதானா?" என்றார் பஞ்சநாதன்.

கொளஞ்சியப்பனுக்கு முகம் செத்துப்போயிற்று. கை தானாக ஸ்பேனர் பக்கம் போனது.

"தொடாதே! படையல்ல வெச்ச சாமான நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்."

அண்ணன் சொல்லாவிட்டாலும் அவர் எடுத்திருக்க மாட்டார். அந்த விஷயத்தில் அவரும் அதே வீட்டுப் பிள்ளைதான். மண்டியிட்டு எஞ்சினையே உற்றுப் பார்த்தார். ஆவி உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. வெளியே வரவேண்டிய துளை எங்கே? அந்த இடத்தில் அழகான சந்தனப் பொட்டும் அதன் நடுவில் குங்குமமும் இருந்தன.

பூங்காவனம் அவர் பார்வையைப் பின்பற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஐயையோ, நாந்தாங்க! குழியா இருந்துச்சு, பொட்டு உதிராம நிக்கும்னு விரலால நல்லா அழுத்தி வெச்சேன்." சொன்ன கையோடு கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள்.

"ஏம்மா, ஊசியும் ஆயுதந்தானே?" என்றார் பஞ்சநாதன்.

"இத யாரு படையல்ல வெச்சா மாமா? எந்தலையிலல்ல இருந்துச்சு!"

கூட்டம் சிரித்தது. காய்ந்திருந்த சந்தனத்தை அவள் சுரண்டச் சுரண்ட, மிச்சத்தை ஆவியே புஸ்ஸென்று ஊதித் தள்ளியது. கொளஞ்சியப்பன் விரலால் சக்கரத்தைத் தட்டினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, அப்புறம் எண்ண முடியவில்லை. கொட்டகை முழுக்கச் சந்தன வாசனையோடு ஆவி பரவியது. பஞ்சநாதன் குனிந்து, சுற்றுகிற சக்கரத்தின்மேல் ஒரு விரலை வைத்துப் பார்த்தார். அது விரலைத் தள்ளிவிட்டுச் சுற்றியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சொன்னபடி மறுநாள் காளைகள் வந்தன. தூறலும் வந்தது. பஞ்சநாதன் இரண்டையும் தன் வீட்டு வாசல் வேம்படியில் கட்டி, அவற்றின் முதுகில் சாக்கைப் போர்த்திவிட்டுக்கொண்டிருந்தார்.

"கொட்டாய் இருக்கையில மாட்ட ஏங்க நனைய விடுறீங்க?" என்று தெருவில் போன ஒருவர் கேட்டார்.

"கொட்டாய்ல எந்தம்பி வேல செய்யறான்" என்றார் பஞ்சநாதன், நாலு வீட்டுக்குக் கேட்கும்படி.

கொட்டகைக்குள்ளே லேத்தின் சத்தம் சற்று நேரம் நின்றுபோயிருந்தது. கொளஞ்சியப்பன் சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.