இராயப்பன் எழுதிய இலத்தீன் பரீட்சை

சுங்கை பினாங்கில் இராயப்பன் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், குரல் தெரியாதவர்கள் கிடையாது. சவரிமுத்து உபதேசியாருக்கு இரண்டாவது மகன். மூத்தவர் தைப்பிங் ரயிலடியில் வேலையில் இருந்தார், தங்கையை ஈப்போவில் கட்டிக்கொடுத்திருந்தது. பதினெட்டு வயதில் கோயில் பாட்டுக் கூட்டத்தில் போய் நின்றவர், முப்பத்தாறு வயது வரைக்கும் அங்கிருந்து இறங்கவில்லை. காலைப் பூசைப் பாட்டு, சாயந்திர சங்கீதம், மரித்தவர் பூசை எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எல்லாமே இலத்தீன். அதில் ஒரு வார்த்தைக்கும் தமக்கு அர்த்தம் தெரியாது என்பது அவருக்கே அதுவரை தெரியாது.

பிழைப்பு பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்டு கம்பெனியில் கிராணி என்கிற குமாஸ்தா வேலை. ஏழெட்டுக் கொடி போட்ட கப்பல்களின் சரக்குப் பட்டியல் அவர் மேசைக்கு வரும். ஒருமுறை கப்பலிலிருந்து காய்ச்சலோடு இறக்கிய மாலுமி ஒருவன் கரையிலேயே செத்துப்போனான். அவன் பிறந்த நாடு ஒன்று, கப்பலின் கொடி இன்னொன்று, கம்பெனி மூன்றாவது நாட்டுக்காரனுடையது. எங்கள் ஆள் இல்லை, எங்கள் ஆள் இல்லை என்று மூன்று பக்கமும் கைகழுவிவிட்டது. மூன்று நாளில் ஒன்பது கடிதம் எழுதித்தான் இராயப்பன் அந்த உடம்புக்கு ஆறடி மண் வாங்கினார். அன்றைக்குப் பிடித்த யோசனை அவரை விடவே இல்லை. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு என்ன கடமைப்பட்டது? யார் அதைச் சொல்வது? எங்கே எழுதி வைத்திருக்கிறது?

அதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது என்று சொன்னவர் பக்கத்து மேசைக் கிராணி விநாசித்தம்பி. யாழ்ப்பாணத்து மனிதர், இராயப்பனுக்கு நாலு வயது மூப்பு. சீமையில் ஒரு பல்கலைக்கழகம் தன் விதிமுறைப் புத்தகத்தை அவருக்குத் தபாலில் அனுப்பியிருந்தது. நாடுகள் ஒன்றோடொன்று எப்படி உறவு வைத்துக்கொள்கின்றன, எப்படி ஒப்பந்தம் போடுகின்றன, எப்படி அதை மீறுகின்றன என்று படித்துப் பட்டம் வாங்கலாமாம். பினாங்கில் உட்கார்ந்தபடியே எழுதலாமாம். இராயப்பன் அந்தப் பக்கத்தை நின்றுகொண்டே மூன்று தரம் படித்தார்.

ஆனால் பட்டப் படிப்புக்குள் நுழைவதற்கு முன்னால் வாசல் பரீட்சை ஒன்று. ஐந்து பாடம். ஐந்தையும் ஒரே தடவையில் தேற வேண்டும், ஒன்றில் தவறினால் ஐந்தும் போச்சு. நாலு பாடம் எல்லோருக்கும் பொது. ஐந்தாவது, இங்கிலீஷ் தவிர்த்து ஒரு பாஷை, எழுதுகிறவர் விருப்பம். விநாசித்தம்பி தமிழ் என்று போட்டார். இராயப்பன் பேனாவை மையில் தொட்டு, ஒரு நொடிகூட யோசிக்காமல், இலத்தீன் என்று போட்டார். இரண்டு விண்ணப்பப் பாரமும் அன்றைக்கே கப்பல் ஏறியது.

மறுநாள் தேநீர் வேளையில்தான் விநாசித்தம்பிக்கு விஷயம் தெரிந்தது.

"உமக்கு இலத்தீன் தெரியுமோ காணும்?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க. பதினெட்டு வருசமா வாரா வாரம் பாடுறேன்."

"கிளியும்தான் வாரா வாரம் பாடுது. சரி, உம்மட பூசையிலை முதல் என்ன வரும்?"

"கீரியே எலெய்சோன்."

விநாசித்தம்பி குவளையைக் கீழே வைத்தார். "ஐயோ கடவுளே. அது கிரேக்கம். நான் பாதிரிமாற்றை பள்ளியிலை படிச்சனான், எனக்கு அந்த ஒண்டு தெரியும். நீர் முதலாம் அடியிலேயே வேற ஊருக்குப் போய்ட்டீர்."

இராயப்பன், பாரத்தை மாற்ற முடியுமா என்று விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். முடியாது, அனுப்பினது அனுப்பினதுதான் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. சாமியாரிடம் போய்க் கேட்கலாம் என்றால், போன பாஸ்குத் திருநாள் அன்றுதான் அவர் சபை முழுக்கக் கேட்க, நம்ம இராயப்பனுக்கு இலத்தீன் அத்துப்படி என்று புகழ்ந்திருந்தார். அந்த வாயிடம் போய் எப்படிச் சொல்வது? மேனேஜர் துரையோ பரீட்சைக்கு என்று லீவு கொடுத்தாகிவிட்டது, இன்னொரு தடவை கேட்டு வராதே என்றும் சொல்லியாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஐந்து மாதம்.

வீட்டுக்கு வந்து மனைவி அன்னமேரியிடம் சொன்னார். அன்னமேரி பத்து காவான் என்கிற தீவு எஸ்டேட்டில் பிறந்தவர். அங்கே சாமியார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படகேறி வந்தால் உண்டு. மற்ற ஞாயிறுகளில் அன்னமேரியின் அப்பாதான் லயத்துச் சனத்தைக் கூட்டிவைத்து, பூசை ஜெபம், சங்கீதம் அத்தனையையும் தமிழில் சொல்லுவார். சின்னப் பிள்ளையிலிருந்து கேட்டுக் கேட்டு அன்னமேரிக்கு எல்லாம் நாக்கில் நின்றது.

"ஒரு வரி பாடுங்க பாப்போம்," என்றார் அன்னமேரி, வெங்காயம் உரித்துக்கொண்டே.

"ஆஞ்ஞுஸ் தேயி..." என்று ஆரம்பித்து, "தோனா நோபிஸ் பாச்செம்" என்று முடித்தார் இராயப்பன்.

"உலகத்தின் பாவங்களைப் போக்குகிற சர்வேசுரனுடைய செம்மறிப்புருவையே, எங்களுக்குச் சமாதானத்தைத் தந்தருளும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"திரும்பச் சொல்லு."

"தந்தருளும். எங்களுக்கு. சமாதானம். மூணு வார்த்தை, நீங்க பாடுனதும் மூணு. எது எதுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

அப்படிப் பிடித்ததுதான். அவரிடம் சத்தம் இருந்தது, இவரிடம் அர்த்தம் இருந்தது. விடிந்ததும் அடுப்படியில் இராயப்பன் ஒரு வரி பாடுவார், அன்னமேரி தமிழில் சொல்லுவார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோழி பிரிக்கிற மாதிரி மூட்டு மூட்டாகப் பிரிப்பார்கள். ஒரே வார்த்தை இரண்டு பாட்டில் வந்து இரண்டிலும் அர்த்தம் ஒத்துப்போனால் இராயப்பன் எழுந்து நின்றுவிடுவார். "நோபிஸ்னா எங்களுக்குதான், பாத்தியா, இங்கயும் வருது." பழைய இலக்கணப் புத்தகம் ஒன்றை விநாசித்தம்பி எங்கிருந்தோ தேடிக் கொடுத்தார். "புத்தகம் தாறன், மூளை தரேலாது," என்று சொல்லித்தான் கொடுத்தார். வார்த்தையின் வால் மாறினால் பொருள் மாறும் என்பது அதைப் பார்த்தபிறகுதான் புரிந்தது. நம்ம வேற்றுமை உருபு மாதிரி என்று அன்னமேரிக்குச் சொன்னார். அன்னமேரி, அப்படி ஒன்று தமிழில் இருப்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும் என்றார்.

பரீட்சை ஊருக்குள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. நாலு பாடமும் நல்லபடியாக முடிந்தது. கணக்கில் கொஞ்சம் வியர்த்ததோடு சரி. கடைசி நாள் சாயந்திரம் இலத்தீன். அதை எழுத வந்தவர்கள் மூன்றே பேர்.

தாளைத் திருப்பினார். இலக்கணம் பரவாயில்லை. அடியில் ஒரு பெரிய பத்தி, மொழிபெயர்க்கச் சொல்லி. அதற்குத்தான் பாதி மார்க். பார்த்தவுடன் கண் இருட்டியது. சாமியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சம்மனசும் இல்லை, செம்மறிப்புருவையும் இல்லை. முழுக்க யாரோ யாரோடோ சண்டை போடுகிற மாதிரி இருந்தது.

அப்போது நடுவில் ஒரு வார்த்தை கண்ணில் பட்டது. மீசித். எங்கேயோ பாடியிருக்கிறோமே. மெதுவாக, தனக்குள்ளே என்று நினைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சாயந்திர சங்கீதத்தை எடுத்தார். "ரெதெம்ப்சியோனெம் மீசித் போபுலோ சூஓ..." கூடவே அன்னமேரியின் குரல் வந்தது: தமது சனத்துக்கு இரட்சிப்பை அனுப்பினார். மீசித் என்றால் அனுப்பினார். போபுலோ என்றால் சனத்துக்கு.

"யாரது பாடுவது?" என்று பரீட்சையை மேற்பார்த்த துரை மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

இராயப்பன் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் வாயை மூடியதும் அர்த்தமும் மூடிக்கொண்டது. ராகம் ஓடினால்தான் வார்த்தை வரும், வார்த்தை வந்தால்தான் அன்னமேரியின் தமிழ் வரும். கால் மணி நேரம் பேனா அசையவில்லை. தாங்க முடியாமல் இன்னொரு வரியை மூக்கால் இழுத்தார். துரை மறுபடியும் வந்து நின்றார். இன்னொரு தரம் சத்தம் வந்தால் தாளை வாங்கிவிடுவேன் என்றார்.

ஐந்து பாடமும் கண்ணுக்கு எதிரே போவது இராயப்பனுக்குத் தெரிந்தது. மறுபடியும் எழுந்து நின்றார்.

"துரை, நான் இந்தப் பாஷையைப் பாட்டாகத்தான் படித்தேன். பாடாமல் எனக்கு வராது. மற்றவர்களுக்குத் தொந்தரவு கூடாது, சரிதான். என்னை வெளியே வராந்தாவில் உட்காரவைத்து ஆள் போட்டுக் காவல் காருங்கள். பாடக்கூடாது என்று விதிமுறைப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. நான் முழுக்கப் படித்திருக்கிறேன்."

துரை புத்தகத்தை எடுத்து நின்ற இடத்திலேயே புரட்டினார். பேசக்கூடாது என்று இருந்தது. பார்த்து எழுதக்கூடாது என்று இருந்தது. பாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. பியூனைக் கூப்பிட்டார்.

பியூன் ஷேக் அலாவுதீன் மேசையின் ஒரு முனையைத் தூக்க, இராயப்பன் மறுமுனையைத் தூக்க, இரண்டு பேருமாக வராந்தாவின் கோடியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அலாவுதீன் எதிரே முக்காலியில் உட்கார்ந்தார்.

"கிராணி ஐயா, அசர் தொழுகைக்கு நேரமாவுது. சீக்கிரம் பாடி முடிங்கலா."

இராயப்பன் பாடினார். அடக்கித்தான் பாடினார், ஆனால் பாடினார். நகரம் எங்கே வருகிறது? "நிசி தோமினுஸ் குஸ்தோதியெரித் சிவிதாத்தெம்," கர்த்தர் நகரத்தைக் காவாராகில். சத்துரு எங்கே? அவன் சாயந்திர சங்கீதத்தின் முதல் அடியிலேயே கால் வைக்கிற பாதபடியாய்க் கிடக்கிறான். சமாதானம் இருக்கவே இருக்கிறது. ஒவ்வொன்றாக வந்து உட்கார உட்காரப் பத்தி கண் திறந்தது. இரண்டு நகரத்துச் சனங்கள் பல வருடமாகச் சண்டை போடுகிறார்கள். ஒரு நகரத்தார் சத்துருவிடம் யாரையோ அனுப்புகிறார்கள், சமாதானம் கேட்பதற்கு. யாரை அனுப்புகிறார்கள்? அந்த ஒரு வார்த்தை எந்தப் பாட்டிலும் இல்லை. இராயப்பன் பேனாவைக் கடித்தார். சண்டை நடக்கிறபோது ஆயுதம் இல்லாமல் எதிரியின் வாசலுக்கு யார் போவார்கள்? தூதர் என்று எழுதினார். எழுதியவுடன் உடம்பெல்லாம் சிலிர்த்தது. எதைப் படிக்க வேண்டும் என்று இத்தனை பாடுபட்டாரோ, அதுவே இங்கே தாளில் இருக்கிறது.

"என்ன பாய், நேரம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு. அந்த இழுத்துப் பாடுனீங்களே, அதை இன்னொருக்கா பாடுங்க," என்றார் அலாவுதீன்.

நாலு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை தபாலில் இரண்டு உறை சேர்ந்து வந்தது. விநாசித்தம்பி தம்முடையதைப் பிரித்துப் பார்த்து, தலையை ஆட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தேறிவிட்டார். இராயப்பனுக்கு உறையைக் கிழிக்க வரவில்லை. விநாசித்தம்பிதான் வாங்கிக் கிழித்தார், படித்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் படித்தார்.

"அஞ்சும் பாஸ். இலத்தீனிலைதான் காணும் உமக்கு மற்றதுகளை விடக் கூட மார்க். இந்த அநியாயத்தை நான் எங்கை போய்ச் சொல்ல."

இராயப்பன் பட்டப்பகலில் டிராம் ஏறி வீட்டுக்கு வந்தார். வேலை நாளில் அப்படி அவர் வந்ததே கிடையாது. அன்னமேரி கெம்போங் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அஞ்சுமா?" என்று மட்டும் கேட்டார்.

"அஞ்சும்."

அன்னமேரி கையைக்கூடக் கழுவவில்லை. பலகைப் பாலத்தைத் தாண்டிக் குழாயடிக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் அதே ஓட்டமாகத் திரும்பி வந்தார். "என்ன படிப்புன்னு கேக்குறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல, நீங்க வாங்க."

குழாயடியில் எட்டுப் பெண்கள் வாளியோடு நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் பக்கத்து வீட்டு நூர் பீவி, இடுப்பில் கை வைத்தபடி. இராயப்பன் தொண்டையைச் செருமினார்.

"ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் எப்படி உறவு வருது, எப்படிப் பேசி முடிக்கிறாங்க, பேசினதை மீறினா என்ன செய்யறது, இதெல்லாம்தான் அக்கா."

நூர் பீவி யோசித்தார். "அப்ப சம்பந்தி வீட்டு விவகாரம்."

"கிட்டத்தட்ட அதேதான்," என்றார் இராயப்பன்.

"அதுக்குப் போயி பரீட்சை வேற வைக்கிறானா வெள்ளைக்காரன்," என்றார் நூர் பீவி. "சரி சொல்லுங்க தம்பி. பேசினதை மீறினா என்ன செய்யறதாம்? எங்க வீட்டுக்கே ஒண்ணு கேக்க வேண்டியிருக்கு."

வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயை யாரும் மூடவில்லை. அதை இனிமேல்தான் படிக்கணும் அக்கா என்று இராயப்பன் சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டும் போகாமல், அவர்கள் வீட்டு விவகாரம் என்னவென்று கேட்டபடி குழாயடிச் சிமெண்டுக் கட்டையிலேயே உட்கார்ந்துவிட்டார்.