அகழியில் முதலை விட்ட ராஜா

அமெரிக்காவில் கேட்டி என்கிற ஊரில், மகள் வீட்டுக்குப் பின்னால் மழைத் தண்ணீருக்கென்று ஒரு குளம் வெட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் இங்கிலாந்தில் நானும் என் வீட்டுக்காரரும் பார்த்த கோட்டைதான் ஞாபகத்துக்கு வரும்.

நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவள். இதையும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் அந்தக் கோட்டையை முழுசாகச் சுற்றி வந்தவள். முதல்முறை அமெரிக்காவுக்கு வரும் வழியில் லண்டனில் கொழுந்தன் வீட்டில் தங்கினோம். அவர்தான் எங்களைக் கோட்டை வாசலில் இறக்கிவிட்டார். நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் கல்கோட்டை. ஒரு வெள்ளைக்கார அம்மாள் அதன் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டே போக, என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தமிழில் சொன்னார்.

"ராஜா இந்த அகழியில ஆயிரம் முதலை விட்டிருந்தாராம். உள்ளேருந்து சுரங்கம் வேற போகுதாம்."

"இந்தக் குளிர்ல முதலை எப்படிங்க இருக்கும்?"

"குறுக்க பேசினா சரித்திரம் விட்டுப்போயிடும். பேசாம வா."

அவர் போய் ஆறு வருஷமாகிறது. இந்தக் கதையை நான் சொல்லாத ஆளில்லை. போன மாதம், பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த வேலூர்ப் பெண்ணிடமும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஆன்ட்டி, இது எங்க வேலூர் கோட்டை கதை! முதலை, சுரங்கம் எல்லாம் எங்க ஊர்ல சொல்றது. அங்கிள் உங்கள நல்லா ஏமாத்திட்டாரு!"

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. என் வீட்டுக்காரர் வேலூரில் பிறந்தவர்தான். கல்யாணத்துக்கு முன்பே மெட்ராஸுக்கு வந்துவிட்டார், என்னை அங்கே கூட்டிப்போனதில்லை. என்னிடமா பொய் சொன்னார்? அன்று சோறு இறங்கவில்லை. அந்தக் கோட்டையைப் பற்றித் தேடிப் பார்க்கும்படி மகளிடம் சொன்னேன். போனில் படித்தபடி சொன்னாள்.

"முதலையும் இல்ல, கட்டினது ராஜாவும் இல்லம்மா. சண்டைக்குப் போய் சம்பாதிச்ச ஒருத்தர், ராஜாகிட்ட பர்மிஷன் வாங்கிக் கட்டின வீடு. அகழிகூட பாக்க பெருசா தெரியணும்னுதான் வெட்டினாராம். அப்புறம் கூரை விழுந்து, உள்ள ஆடு மேஞ்சிருக்கு. பின்னால யாரோ பணக்காரர் வாங்கி ரிப்பேர் பண்ணியிருக்கார். அப்பாவுக்கு அந்த லேடி பேசினது புரியலபோல."

புரியவில்லை என்று சொல்லிவிட்டு அவர் சும்மா நடந்திருக்கலாம். வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். அன்று கோட்டையில் மூன்று மணி நேரம் வாய் ஓயாமல் என்னோடு பேசினார்.

மறுநாள் அந்தப் பெண் வந்தபோது நானே ஆரம்பித்தேன்.

"கோட்டையோட நிஜக் கதைய என் பொண்ணு சொல்லுவா, கேட்டுக்கோ. ஆனா அங்கிள் என்னைய ஏமாத்தினாருன்னு மட்டும் இன்னொரு தடவ சொல்லாத."

"சாரி ஆன்ட்டி," என்று அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.