ஓட்டுப் போடுற நாடு

ஹஃபீசாம்மா என் கடைக்குப் போன் பேச மட்டும் வரமாட்டார். உலகத்தை விசாரிக்கவும் வருவார்.

லப்பைக்குடிக்காடு கடைத்தெருவில் நான் எஸ்.டி.டி. பூத் வைத்தது தொண்ணூற்றாறில். பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் அவர்கள் வீட்டுப் பெண்கள் சிரிப்பதையும் அழுவதையும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு, பேப்பரை விரித்து வைத்திருப்பேன். ஹஃபீசாம்மாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். வெள்ளைத் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, "பஞ்சநாதா, வெளிநாட்டுப் பக்கத்தை வாசி" என்பார். உள்ளூர்ச் செய்தி அவருக்கு வேண்டாம்.

எந்த நாட்டில் எத்தனை பேர் செத்தார்கள் என்று வாசித்தாலும் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான்.

"அங்க ஓட்டு உண்டா?"

இல்லை என்றால், "அதான் பார்த்தேன்" என்று தலையை ஆட்டுவார். அல்ஜீரியாவோ வேறு எந்த நாடோ, அத்தோடு தீர்ப்பு முடிந்துவிடும். எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. மடக்குவதற்காகவே ஒருநாள், "இலங்கையில ஓட்டு உண்டும்மா. பெரம்பலூர் அகதி முகாம்ல இருக்கிறவங்கள்லாம் ஓட்டுப் போட்டவங்கதான்" என்றேன்.

"அங்க பட்டாளத்தை ஊருக்குள்ள விட்டுட்டாங்க. நம்மூர்ல நீ பட்டாளத்தைக் கண்டிருக்கியா?"

அவர் சொன்னதில் ஒரு கதை இருந்தது. ஈராக் பட்டாளம் குவைத்துக்குள் புகுந்தபோது அவர் கணவர் மதார் அங்கே இருந்தார். பாலைவனத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, ஜோர்டானில் விமானம் ஏறி, உடுத்திய துணியோடு ஊர் வந்து சேர்ந்தார். வந்தவர் பழைய மதார் இல்லை. கதவு படாரென்று சாத்தினால் எழுந்து நிற்பார். தொண்ணூற்றைந்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். தன் கணவரைக் கொன்றது அந்தப் பட்டாளம்தான், நெஞ்சு சும்மா சாக்கு என்பது ஹஃபீசாம்மாவின் முடிவு. நானும் அதை மறுக்கமாட்டேன்.

அதனால்தானோ என்னவோ, தேர்தல் என்றால் அவருக்குப் பெருநாள் மாதிரி. காலையிலேயே குளித்துவிட்டு வரிசையில் முதல் ஆளாக நிற்பார். மை வைத்த விரலைக் கடையில் வந்து என்னிடம் காட்டுவார். "பாரு, நமக்கு இம்புட்டுத்தான் சண்டை. இங்க ராஜாவை மாத்தணும்னா ஒரு பொட்டு மை போதும்."

நான் விடமாட்டேன். டெல்லியில் சீக்கியர்களைக் கொளுத்தியது, பம்பாய்க் கலவரம் எல்லாவற்றையும் எடுத்துப்போடுவேன். "அது பெரிய ஊரு. பெரிய ஊருன்னா பெரிய வம்பு" என்பார். கோயம்புத்தூரில் குண்டு வெடித்தபோது ஒரு வாரம் கடைப்பக்கமே வரவில்லை. குஜராத் எரிந்தபோது, "அது எம்புட்டுத் தூரம்?" என்று கேட்டார். "குவைத்தை விடப் பக்கம்தாம்மா" என்றேன். முறைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நான் சொன்னது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரே மகனைக் கடல் தாண்டி அனுப்பியிருக்கிற தாய்க்கு, அவன் திரும்பி வர ஒரு பத்திரமான இடம் உலகத்தில் எங்கேயாவது இருந்தாக வேண்டும். அது நம் ஊர்தான் என்று பிடிவாதமாக நம்பினார்.

மகன் பெயர் அல்தாப். அப்பனைத் துரத்திய அதே குவைத்துக்கு அவனும் லாரி ஓட்டப் போனான். வேறு வழியில்லை, தங்கச்சி நிக்காஹ் இருந்தது. வாரம் தவறாமல் அம்மா போன் போடுவார். எது பேசினாலும், "சாப்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ரிசீவரை வைப்பார்.

இரண்டாயிரத்து மூன்று தொடக்கத்தில், ஈராக் மேல் அமெரிக்கா போர் தொடுக்கப் போகிறது, பக்கத்தில் குவைத்தும் அடிபடும் என்று பேப்பர் பேப்பராக எழுதினார்கள். ஹஃபீசாம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. வா என்றால் அல்தாப், "கம்பெனி லீவு தராதும்மா, இங்க ஒண்ணும் ஆகாது" என்றான்.

எங்கள் ஊரில் அதற்கு ஒரு வழி உண்டு. 'தாய் சீரியஸ்' என்று ஒரு போன் போட்டால் போதும், எப்பேர்ப்பட்ட முதலாளியும் அவசர லீவு கொடுத்து அனுப்பிவிடுவான். அப்படிச் சீரியஸான தாய்மார்கள் பாதிப் பேர் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அந்தப் போனை வேறு யாராவதுதான் போடுவார்கள். ஹஃபீசாம்மாவுக்குப் பொய் சொல்லத் துணை தேடவும் வெட்கம். தானே கூண்டுக்குள் போய், துப்பட்டியை வாயில் பொத்திக்கொண்டு, குரலை மாற்றிப் பேசினார்.

"அல்தாப்பா? நான் பக்கத்து வூட்டு மர்ஜியா மாமி பேசுறேன். ஒங்கம்மா சீரியஸா கெடக்கா தம்பி. கெளம்பி வந்துரு."

அந்தப் பக்கம் அவன் என்னவோ கேட்டான். இவர் ஏதோ சமாளித்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. வைக்கும்போது பழக்கம் விடவில்லை.

"சாப்டியா?"

கேட்டுவிட்டார். கேட்டது தனக்கே தெரியாமல் வெளியே வந்து, "நம்பிட்டான் பஞ்சநாதா" என்றார். முகமெல்லாம் வெற்றி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த வாரம் அல்தாப் வந்து இறங்கினான். வாசலில் நின்று வரவேற்ற அம்மாவைப் பார்த்து, "என்னம்மா, சீரியஸ்னாங்க?" என்று ஆச்சரியப்பட்டானாம். மறுநாள் என் கடைக்கு வந்தபோது கண்ணடித்தான்.

"அண்ணே, மர்ஜியா மாமி என்னைக்குண்ணே எங்கிட்ட சாப்டியான்னு கேட்டிருக்கு? அப்பவே தெரிஞ்சுபோச்சு. நானும் சாப்டேன் மாமின்னு சொல்லி வெச்சிட்டேன்."

"தெரிஞ்சும் ஏன்டா வந்தே?"

"குரலை மாத்திப் பேசுற அளவுக்குப் பயந்து கெடக்காங்கண்ணே. வராம எப்படி இருக்கிறது? அம்மாட்ட சொல்லிடாதீங்க. ஏமாத்திட்டோம்னு சந்தோஷமா இருக்கட்டும்."

போர் வந்தது. குவைத் பக்கமும் ஏவுகணை விழுந்தது என்று வாசித்தபோது ஹஃபீசாம்மா மகனைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. போர் ஓய்ந்ததும் கம்பெனி கூப்பிட்டது. அம்மா விடவில்லை. ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. பெரம்பலூரில் பஸ் மாறி அரியலூர் போய் அங்கிருந்து போக வேண்டும். சம்பளம் கால்வாசிகூட இல்லை. ஆனாலும் வாரக் கடைசியில் வீடு வருகிறவனுக்குச் சோறு போட்டுக்கொண்டு அந்த அம்மா இருந்த இருப்பு இருக்கிறதே, அப்படி ஒரு நிறைவை நான் அந்த முகத்தில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை அவன் வேலைக்குக் கிளம்பிப் போனான். அன்றைக்குச் சென்னையில் ஒரு கட்சித் தலைவரைக் கைது செய்திருந்தார்கள். செய்தி வந்ததும் அங்கங்கே மறியல். அரியலூருக்குச் சற்று முன்னால் பஸ் மேல் யாரோ கல்லெறிந்தார்கள். அல்தாப் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கல் நெற்றிப்பொட்டில் பட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

எறிந்தவனுக்கு அல்தாப் யார் என்று தெரியாது. அல்தாப்புக்கு அந்தத் தலைவரை போஸ்டரில்தான் தெரியும். இதற்குப் பெயர் அரசியல்.

கட்சிக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்து, "எங்க ஆளுங்க செய்யலம்மா" என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து, "அவங்க ஆளுங்கதாம்மா" என்றார்கள். போலீஸ் யாரையும் பிடிக்கவில்லை. ஜமாத்தாரோடு வந்திருந்த ஒரு பெரிய மனிதர், ஆறுதலாம், சொன்னார்: "ஈராக்குல தினம் எத்தனை பேரு சாவுறான், பாருங்க. அதோட பார்த்தா நம்ம நாடு எவ்வளவோ தேவலை." எனக்கு அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அதே கணக்கைத்தானே நாங்களும் இத்தனை வருடமாக அந்தப் பெஞ்சில் போட்டுக்கொண்டிருந்தோம்? அந்த நாட்டில் இத்தனை, இந்த நாட்டில் இத்தனை என்று. ஹஃபீசாம்மா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த பிறகு ஒருநாள் கடைக்கு வந்தார். "அன்னைக்குப் பேப்பர் இருக்கா?" என்றார். எடுத்து வைத்திருந்தேன். முதல் தடவையாக உள்ளூர்ப் பக்கத்தை வாசிக்கச் சொன்னார். நான் விழுங்கி விழுங்கி வாசித்தேன்: 'ஓரிரு சிறு சம்பவங்கள் தவிர, மாவட்டத்தில் மறியல் அமைதியாக நடந்து முடிந்தது.' பெயர்கூட இல்லை.

"எல்லா நாட்டுலயும் இப்படித்தான் எழுதுவாங்களா, பஞ்சநாதா?"

"ஆமாம்மா."

"அப்ப நீ வாசிச்சியே, அத்தனை பேருக்கும் வூட்டுல ஒருத்தி இருந்திருப்பா."

அதற்குப் பிறகு அவர் பேப்பர் கேட்க வரவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் சட்டசபைத் தேர்தல். ஊரில் எல்லார் கையிலும் செல்போன் வந்து, என் கடை காற்றாடிக்கொண்டிருந்தது. வாக்குப்பதிவு அன்று வரிசையில் அவரைக் காணவில்லை என்று நானே வீட்டுக்குப் போனேன். உள்கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"பட்டாளத்துக்கிட்டேருந்து தப்பிச்ச புள்ளைய, பொய் சொல்லிக் கூட்டியாந்து கல்லுக்குக் குடுத்துட்டேனே. அவன் கூட இருந்த புள்ளைங்க அத்தனையும் அந்தக் குவைத்துல நல்லாத்தானே இருக்கு. என்னைய நம்பி வந்தானே பாவி."

மூன்று வருடமாக அவர் இதைத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். அல்தாப்புக்குக் கொடுத்த வாக்கை அன்றைக்கு மீறினேன். அவனுக்கு எல்லாம் தெரியும், சாப்டியா என்று கேட்டதிலேயே கண்டுபிடித்துவிட்டான், ஏமாந்து வரவில்லை, உங்களுக்காகவே வந்தான் என்று சொன்னேன். பாரம் இறங்கும் என்று நினைத்தேன். எனக்கு என்ன தெரியும்?

"தெரிஞ்சே வந்தானா?" என்றார். அப்புறம் அழுதார். மகனின் மையத்தை அடக்கத்துக்கு எடுத்த அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள். நிஜ மர்ஜியா மாமி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சாயங்காலம், வாக்குச்சாவடி மூடும் நேரம். துப்பட்டி போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். விரலில் மை இல்லை. "அந்தக் குவைத்து ரூம் நம்பரைப் போட்டுக் குடு" என்றார். போட்டேன். கூண்டுக்குள் போனவர் கதவைச் சாத்தவில்லை. அல்தாப்போடு தங்கியிருந்த முகமது அனஸ்தான் எடுத்தான் போலிருக்கிறது. யார் யார் என்று அவன் கேட்பது எனக்கு வெளியே கேட்டது. இவர் பெயர் சொல்லவில்லை. குரலையும் மாற்றவில்லை.

"சாப்டியாப்பா?" என்றார்.

அந்தப் பக்கம் யார் யார் என்ற கேள்வி நின்றுபோனது. பிறகு அவன் சொன்னான்.

"சாப்டேம்மா."