அம்மாவின் கால்விரலும் ஞாயிற்றுக்கிழமை போனும்

ஆங்கிலத்தில் 'ஷில்லி-ஷாலி' என்று ஒரு சொல் இருக்கிறது. முடிவெடுக்காமல் இழுத்தடிப்பது என்று பொருள். எனக்கு அதைச் சொன்னவர் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா. சர்க்கரைப் புண் வந்து கறுத்திருந்த என் அம்மாவின் கால் கட்டைவிரலைக் காட்டி, இரண்டு நாளில் எடுத்துவிட வேண்டும், உங்கள் ஷில்லி-ஷாலியெல்லாம் இங்கே வேண்டாம் என்றார். அன்று செவ்வாய்க்கிழமை.

எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை எதுவும் முடிவாகாது. பிரான்சில் இருக்கும் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து போன் செய்ய வேண்டும். உப்பளத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு என்ன பெயிண்ட் அடிப்பது என்பதுகூட அந்தப் போனில்தான் தீரும். அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் நானும் தம்பியும். முடிவு மட்டும் அவருடையது. என்ன நியாயமோ!

"அண்ணனைக் கேக்காம கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் யாரு பேச்சு வாங்கறது?" என்றான் தம்பி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு அவனோடு சேர்ந்து காத்திருந்தேன்.

ஞாயிறன்று போன் வந்தது. அங்கே தெரிந்த டாக்டரைக் கேட்டு அடுத்த வாரம் சொல்வதாக அண்ணன் சாவகாசமாகச் சொன்னார். அதுவரை புண் என்ன லீவு போட்டுவிட்டா உட்கார்ந்திருக்கும்?

ஆத்திரத்தில் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 'ஷல் ஐ? ஷல் ஐ?' என்பதிலிருந்து வந்ததாம். செய்யட்டுமா, செய்யட்டுமா என்று ஒருவர் தன்னையே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொள்வது. வெள்ளைக்காரனாவது தன்னைக் கேட்டுக்கொண்டு நின்றான். எங்களுக்கு அந்த யோக்கியதைகூட இல்லை.

மறு ஞாயிறு அண்ணன் சரி என்றார். திங்கள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா காலைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். விரலோடு முடியாது, பாதத்தையே எடுக்க வேண்டும் என்றார். தம்பி உடனே போனை எடுத்தான். பிடுங்கி என் பையில் போட்டேன்.

"இனிமே அவரைக் கேட்டே, தெரியும் சேதி."

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அம்மா எங்கள் இருவரையும் பார்த்தார்.

"அன்னைக்கே எடுக்கச் சொல்லியிருப்பேன். என்னைத்தான் ஒருத்தரும் கேக்கலியே."

அண்ணனை இத்தனை திட்டிய நானும்தான் கேட்கவில்லை. சம்மதப் படிவத்தை அம்மா கையில் கொடுத்தேன். அம்மா கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஒரு நொடிகூட யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.