ஒரு பை மண்

என் மனைவியை நான் ஏமாற்றினேன். எங்கள் குழந்தையைப் புதைத்த இடத்து மண் என்று சொல்லி, கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தேன்.

சொல்லிவிட்டேன்... இத்தனை வருடம் தொண்டையில் நின்றது இவ்வளவுதான். ஆனால் நீங்கள் அவசரப்பட்டு என்னைக் காறித் துப்பிவிட வேண்டாம். முழுவதையும் கேளுங்கள், அப்புறம் துப்புங்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன்.

கடலூர் பழைய பட்டணத்தில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு மல்லாட்டை மண்டியில் எனக்கு வேலை. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். வண்டியில் வருகிற மூட்டைகளை நிறுத்து அடுக்குவது என் பொறுப்பு. என் மனைவி தனம் எனக்கு அத்தை மகள். கல்யாணத்துக்கு முன்னாலும் அவளுக்கு நான் மாமாதான், பின்னாலும் மாமாதான். எங்களுக்கு ஒரே ஒரு பெண் பிறந்தாள். கோமதி என்று பெயர் வைத்தோம். தவழ ஆரம்பித்திருந்த பருவம். ஐப்பசி மழையில் பேதி கண்டது. மழை விடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்கடுத்த கோடையில் முதலாளி சிதம்பரத்தில் இன்னொரு மண்டி திறந்தார். என்னை அங்கே போகச் சொன்னபோது நான் உடனே தலையாட்டினேன். நாங்கள் குடியிருந்த வீட்டு உத்தரத்தில் தூளிக் கயிறு உராய்ந்த தடம் இருந்தது. மல்லாந்து படுத்தால் அதுதான் கண்ணில் படும். எப்படியாவது அந்தக் கூரையை விட்டு ஓடிவிட வேண்டும் என்றிருந்தது எனக்கு.

தனத்துக்குப் போக மனமில்லை. மனமில்லாதவள் மூட்டை கட்டுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எதையும் விட மாட்டாள்! மூடி தொலைந்த ஊறுகாய் ஜாடி, கண்ணாடி விரிசல் விட்ட அரிக்கேன் விளக்கு, நடுவில் குழி விழுந்த தோசைக்கல்... எல்லாவற்றையும் மண்டிச் சாக்குகளில் திணித்தாள். குண்டான்களுக்குள் துணியை அடைத்து, வாயை என் பழைய வேட்டியால் இறுக்கிக் கட்டினாள். நான் கயிறு பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தேன்.

"சமுத்திரம் ஒண்ணுதான் பாக்கி. அதையும் ஒரு சாக்குல புடிச்சுக் கட்டிடு" என்றேன்.

அவள் கட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பாப்பாவ எப்படி மாமா கட்டி எடுத்துக்கினு போறது?"

நான் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தேன். அவளே ஒரு வழியும் சொன்னாள்.

"அவளப் பொதைச்ச எடத்துலேர்ந்து ஒரு பை மண்ணு அள்ளிக்கினு வாங்க. அங்க போயி சட்டியில போட்டு ஒரு செடி வைக்கிறேன். தனியா வுட்டுட்டுப் போனா பயந்துக்குவா மாமா."

இதில் என்ன சிரமம் என்று நீங்கள் நினைக்கலாம். இடுகாடு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஊருக்கு மேற்கே சவுக்குத் தோப்பை ஒட்டி, மணல் தரையாக இருந்தது. பெண்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை. அந்த இடம் தெரிந்தவன், பெற்றவன், நான் ஒருவன்தான் என்று அவள் நம்பினாள்.

அந்த இடம் எனக்குத் தெரியாது!

ஆமாம்... அதுதான் என் முதல் பொய். மணல் இரண்டாவதுதான். கோமதியைத் தூக்கிக்கொண்டு போன அன்று நல்ல மழை. கைக்குழந்தைக்கு ஊரைக் கூட்டுவதில்லை. நான் மட்டும் துணியில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு போனேன். சவுக்குத் தோப்பு வரைக்கும் நடந்துவிட்டேன். அதற்கு மேல் கால் வரவில்லை. குழி வெட்டுகிறவர் எதிரே வந்து கை நீட்டினார். "குடு சாமி, நான் பாத்துக்கறேன்" என்றார். கொடுத்துவிட்டேன். கொடுத்தேன்... அப்படியே திரும்பி நடந்தேன். எந்த மூலையில் வைத்தார், எந்தப் பக்கம் தலை, ஒன்றும் எனக்குத் தெரியாது. மூன்று பிடி மண் போட வேண்டிய கை இது. போடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தனம் என் காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "நல்ல எடமா மாமா? மண்ணு போட்டீங்களா?" போட்டேன் என்றேன். மரத்தடி, நிழலான இடம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? தகப்பன் பாதி வழியில் திரும்பி ஓடி வந்துவிட்டான் என்றா?

மூட்டை கட்டிய அன்று, துணிப்பையை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். குழி வெட்டுகிறவர் தூரத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காட்டியிருப்பார். "எம் பொண்ண எங்கய்யா வச்ச?" அவ்வளவுதான் கேள்வி! அதைக் கேட்க வெட்கப்பட்டேன். பெற்ற பிள்ளையின் இடம் தெரியாதவன் என்று அவர் என்னை நினைத்துவிடுவாராம். நான் அப்படிப்பட்டவனாக இருக்கலாம், ஆனால் அப்படி நினைக்கப்படக் கூடாதாம்! என்ன மானம் இது?

லாரி வருகிற நேரம் ஆகிவிட்டது. வெறும் பையோடு போக முடியாது. துறைமுகத்தைத் தாண்டி நடந்து, கரையில் குந்தி, ஈர மணலாகப் பார்த்து அள்ளினேன். பை நிறைந்தது.

தனம் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். சாமான்களோடு வைக்க விடவில்லை. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். புதுச்சத்திரம் தாண்டி லாரி பள்ளத்தில் குதித்தபோதெல்லாம் பையின் கழுத்தைத் தாங்கிப் பிடித்தாள். தலை நிற்காத பிள்ளையை அப்படித்தான் பிடிப்பார்கள். நான் சன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிதம்பரத்தில் எங்களுக்குக் கிடைத்த வீடு கோயில் தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சிய கையோடு அவள் மண்சட்டியைத் தேடினாள். செடி வைக்கிற சட்டிக்கு அடியில் ஓட்டை போடுவார்கள். அவள் போடவில்லை. தண்ணீரோடு ஒரு மணி மண்கூட ஒழுகிப் போகக் கூடாது என்றாள். பக்கத்து வீட்டு ராவுத்தர் சம்சாரம் ஒரு கனகாம்பரக் கன்று கொடுத்தார்கள். கனகாம்பரம் எந்த மண்ணிலும் பிழைக்கும், கவலைப்படாதே என்றார்கள்.

பிழைக்கவில்லை. இலை நுனியெல்லாம் கருகி உதிர்ந்தது. இன்னொரு கன்று வைத்தாள், அதுவும் போயிற்று. வெயில் காலத்தில் சட்டி மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்தது.

"மாமா, இங்க வாங்களேன்... பாப்பா பால் கக்கியிருக்கா" என்றாள்.

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. நான் அவள் உள்ளே போன பிறகு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு! ஓட்டையில்லாத சட்டியில் கடல் உப்பு எங்கே போகும்? எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு தடவை மனம் கேட்காமல் ஆணியும் சுத்தியுமாகச் சட்டியை நெருங்கினேன். அடியில் ஒரு ஓட்டை விழுந்தால் உப்பு இறங்கிவிடும், செடி பிழைத்துவிடும் என்று கணக்கு. தனம் ஓடி வந்து சட்டியை வாரி அணைத்துக்கொண்டாள்.

"குத்தாதீங்க மாமா! அவளக் குத்தாதீங்க!"

அரிசிக் கடையில் எல்லோரும் கியூ நின்ற அந்தப் பஞ்ச காலத்தில்கூட அவள் அரிசி கழுவிய தண்ணீரைச் சட்டிக்குத்தான் ஊற்றினாள். எத்தனை கன்று மாண்டதென்று நான் எண்ணவில்லை. ஒவ்வொன்று கருகும்போதும் அவள் கொஞ்சம் மெலிந்தாள். கடைசியில் ஒரு நாள், சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அவளுக்கு நம்ம மேல கோவம் மாமா. வுட்டுட்டு வந்துட்டோம்ல... அதான் ஒட்டமாட்டேங்கறா. அவ மனசு எறங்காம இன்னொரு புள்ள எனக்கு வேணாம்."

பாருங்கள்... இந்த இடத்திலாவது நான் சொல்லியிருக்க வேண்டாமா? "அடி பைத்தியமே, அது அவ கோவம் இல்ல, உப்பு!" என்று ஒரு வார்த்தை! அவள் என்னை அடித்திருப்பாள். ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாள். ஆனால் பெற்ற பிள்ளையே தன்னை வெறுக்கிறது என்ற அந்தப் பாரம் அவளை விட்டு இறங்கியிருக்கும். எங்களுக்கு இன்னொரு பிள்ளை பிறந்திருக்கும்... நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். வேணாம் என்றால் வேணாம் என்றேன். பெரிய தியாகி போல!

வருடங்கள் அப்படியே போயின. போன தை மாதம் தனம் கிளம்பி நின்றாள்.

"நானே போயிக் கேக்கறேன் அவள."

"பொம்பளைங்க போவக் கூடாது தனம்."

"பெத்தவ போவலாம்."

பஸ் ஏறிக் கடலூர் போனோம். வழியெல்லாம் நான் ஒரே ஒரு வேண்டுதலோடு உட்கார்ந்திருந்தேன். அந்தக் குழி வெட்டுகிறவர் இருக்க வேண்டும். இந்த முறை வெட்கத்தை விட்டுக் கேட்டுவிடுவேன், அவள் எதிரிலேயே கேட்டுவிடுவேன் என்று. சவுக்குத் தோப்பு அப்படியே இருந்தது. அவர் இல்லை. காலமாகிவிட்டாராம். புதிதாக வந்தவருக்குப் பழைய குழிகள் தெரியாது. அந்த இடம் தெரிந்த ஒருவரும் இனி இந்த உலகத்தில் இல்லை.

"எங்க மாமா?" என்றாள் தனம்.

சொல்லிவிடு... சொல்லிவிடு... என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்த்தேன். என் கை தானாக எழுந்து ஒரு மரத்தடியைக் காட்டிவிட்டது!

அவள் அங்கே போய் ஒருக்களித்துப் படுத்தாள். மணலை உள்ளங்கையால் தட்டிக் கொடுத்தாள். "அம்மா வந்துட்டேண்டி கண்ணு... கோவம் வச்சுக்காத... அம்மாவ வரக் கூடாதுன்னுட்டாங்கடி..." என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். யாருடைய பிள்ளை அங்கே இருந்ததோ, யாருமே இல்லையோ, எனக்குத் தெரியாது. திடீரென்று தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"நீங்க மண்ணு போடச்சொல்லோ அவ மூஞ்சி எப்படி மாமா இருந்துச்சு?"

"தூங்கற மாதிரி இருந்துச்சு" என்றேன்.

இப்போது அவள் இரவில் நன்றாகத் தூங்குகிறாள். சட்டியைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டாள். இனியாவது உண்மையைச் சொல்லேன் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லலாம் என்று நானும் வாயெடுக்கிறேன். எடுக்கும்போதெல்லாம் அன்று திரும்புகிற பஸ்ஸுக்காக நின்றபோது அவள் சொன்னது காதில் விழுகிறது. நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அழுவாதீங்க மாமா. எனக்குத்தான் குடுத்து வைக்கல. நீங்களாவது கடைசி வரைக்கும் அவகூட நின்னீங்களே... அது போதும் எனக்கு."

நான் தலையாட்டினேன்.